தலையெழுத்தும் பள்ளியெழுத்தும்

தமிழ்நாட்டிலே மிகப் பழைய எழுத்து எதுவென்று கேட்டால், ஆராய்ச்சியாளர் குகைகளிலே பொறிக்கப்பட்ட கல்வெட்டைக் காட்டுவர். நம் பாட்டிமார் காட்டுவது வேறு. அவர்கள் நெற்றியைத் தொட்டுக் காட்டுவர். "அவன் எழுதியது" என்பர். மழை பொய்த்தால் தலையெழுத்து. மகனுக்குப் படிப்பு ஏறாவிட்டால் தலையெழுத்து. மகள் இளம் வயதிலே கணவனை இழந்தால் தலையெழுத்து. அந்த எழுத்தைக் கண்டவர் எவருமில்லை. அது எந்த மொழியென்று சொன்னவரும் இல்லை. ஆயினும், அகரம் எழுதத் தெரியாத மக்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்த காலத்திலும், இந்த ஓர் எழுத்தை மட்டும் எல்லோரும் படித்து வைத்திருந்தனர்!

இந்தத் தலையெழுத்துக்கு ஓர் உட்பொருள் உண்டு. மனிதனுடைய அறிவு பிறக்கும்போதே அளந்து வைக்கப்பட்டது. இன்ன குலத்திலே பிறந்தவனுக்கு இவ்வளவு, பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இவ்வளவு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்பதே அது. மூளைக்கும் எல்லைக்கல் நாட்டிவிட்ட கொள்கை!

இக்கொள்கை மெய்யா, பொய்யா? அறிவியல் நூல்கள் விடை சொல்கின்றன. அதற்குப் பிறகு வருவோம். முதலில் குமரி மாவட்டத்து வரலாற்றைக் கேட்போம், தோழர்களே. திருவிதாங்கூர் அரசின் தென்கோடியாக இருந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்த இந்த நிலப்பகுதியிலே, நாஞ்சில் நாட்டு வயல்வெளியிலும் கல்குளம் விளவங்கோட்டுத் தோட்டங்களிலும், மனித மனம் எவ்வாறு மூடி வைக்கப்பட்டது, எவ்வாறு திறக்கப்பட்டது என்பதற்கு இருநூறு ஆண்டுச் சான்று கிடக்கிறது.

பருவம் கண்ட தமிழர்

மனித வளர்ச்சியைப் படிப்படியாகக் காணும் பார்வை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். தலை நிமிர்ந்து அசையும் செங்கீரை. கை கொட்டி மகிழும் சப்பாணி. தளர்நடையிட்டு வரும் வருகை. நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. சப்பாணிப் பருவத்துக்கு அவர்கள் குறித்தது ஒன்பதாம் மாதம். இன்றைய குழந்தை மருத்துவரின் அட்டவணையும் கைகொட்டுதலை ஏறத்தாழ அதே மாதத்திலேதான் குறிக்கிறது. தொட்டிலருகே நின்று கண்ணாரக் கண்டவர்கள் வகுத்த பகுப்பு அது.

ஆனால், யாருடைய குழந்தைக்கு அந்தப் பாட்டு? தெய்வக் குழந்தைக்கு, மன்னன் மகனுக்கு, மடத்துத் தலைவருக்கு. வரப்பிலே துணித்தொட்டில் கட்டி, நாற்று நடப் போன தாயின் குழந்தையும் ஒன்பதாம் மாதத்திலே கை கொட்டியது. அதைப் பாட ஆளில்லை.

பெண்ணின் பருவத்தையும் வகுத்தார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு. ஐந்து வயதிலே தொடங்கி நாற்பது வயதிலே முடிகிறது கணக்கு. நாற்பதுக்குப் பின் பெண் இல்லையா? இருக்கிறாள்; ஆனால், உலாப் பாடும் புலவனுக்கு அவள் தேவைப்படவில்லை. அவளுடைய அழகு வளர்ந்த கதையை எழுதினார்கள். அறிவு வளர்ந்த கதையை எழுதவில்லை.

வடவர் வகுத்த நால்வகை ஆசிரமமோ இதனினும் கடுமையானது. மாணவப் பருவம், இல்லறம், வனம் புகுதல், துறவு என வாழ்நாளை நான்காகப் பகுத்தது அது. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால், முதற்படியாகிய மாணவப் பருவம் பூணூல் அணிவிக்கும் சடங்கோடு தொடங்குவது. அந்தச் சடங்கோ நான்காம் வருணத்தார்க்கும் பெண்களுக்கும் மறுக்கப்பட்டது. அதாவது, நாட்டு மக்களிற் பெரும்பாலோர்க்கு வாழ்நாளின் முதற்பருவமே இல்லை! குழந்தையாய்ப் பிறந்தார்கள், நடக்கத் தொடங்கியதும் வேலைக்காரர் ஆனார்கள். இடையிலே மாணவனாய் இருக்கும் காலத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டார்கள்.

மூடிய வாயில்

குமரி மாவட்டத்தின் மேற்கே, முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டிலே ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு கோயிலைக் கட்டி, அதனோடு ஒரு சாலையையும் அமைத்தான். சாலை என்பது இங்கே வழியன்று, கல்விக்கூடம். 95 மாணவர்க்கு அங்கே உணவும் உறையுளும் உண்டென்று செப்பேடு கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே 95 பேருக்கு அரசு செலவிலே படிப்பு! பெருமைப்படலாம். பெருமையோடு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அந்த 95 இடங்களும் வேதத்தின் கிளைகளுக்கு இத்தனை இத்தனை என்று பங்கிடப்பட்டிருந்தன. சாலைக்கு நெல் விளைவித்தவனின் மகனுக்கு ஓரிடமும் இல்லை.

பிந்திய நூற்றாண்டுகளில் நிலைமை மேலும் இறுகியது. திருவிதாங்கூரிலே மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே அடிக்கணக்கிலே தொலைவு வகுக்கப்பட்டது. நம்பூதிரியை இன்னார் 36 அடிக்கு மேல் நெருங்கலாகாது, இன்னார் 96 அடிக்கு மேல் நெருங்கலாகாது என்பது வழக்கம். தெரு மூடப்பட்டால், தெருவிலுள்ள திண்ணைப் பள்ளியும் மூடப்பட்டதாகவே பொருள். புலையர், பறையர் முதலிய உழைப்பாளிகள் 1855ஆம் ஆண்டு வரை சட்டப்படியே அடிமைகள். நிலத்தோடு சேர்த்து விற்கலாம், அடகு வைக்கலாம். நாடார் குலத்துப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணிவது குற்றம்.

இவ்வாறு வளர்ந்த குழந்தையின் மனம் என்னவாகும்? ஏழு வயதுச் சிறுவன், எதிரே ஒருவர் வரக் கண்டதும் தந்தை ஓடிப் புதருக்குள் ஒளிவதைக் காண்கிறான். அவனுக்குத் தந்தையே உலகம். அந்த உலகம் நடுங்குவதை அவன் பார்க்கிறான். அந்தப் பாடத்தை அவனுக்கு யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, "இவர்களுக்குப் புத்தி மட்டு" என்று மேலிருப்பவர் கூறுவர். கண்ணைக் கட்டிவிட்டுக் குருடன் என்று கேலி செய்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

திறந்த வாயில்

1806ஆம் ஆண்டு, செர்மானியரான ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். பள்ளிகள் வைத்தார். 1818இல் வந்த மீட் பாதிரியார் நாகர்கோவிலை நடுவிடமாகக் கொண்டார். 1819இல் அங்கே ஒரு செமினாரி தொடங்கப்பட்டது. பின்னாளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. பாதிரிமாரின் நோக்கம் சமயம் பரப்புவது. அதை அவர்களே மறைக்கவில்லை. நமக்கு அதிலே உடன்பாடு இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால், பூட்டியிருந்த கதவைத் திறந்த கை எது என்று வரலாறு எழுதுகிறவன் குறித்தே ஆகவேண்டும்.

1817ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாயி, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். அந்நாளிலே உலகின் பல நாடுகளில் இல்லாத ஆணை அது. ஏட்டிலே அது எல்லோர்க்கும் பொது. நாட்டிலே அது எல்லோர்க்கும் எட்டப் பல தலைமுறை பிடித்தது. ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையே 96 அடி இருந்தது!

நாகர்கோவிலிலே மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் பெண்களுக்குப் பள்ளி நடத்தினர். படிப்போடு நூற்பின்னல் வேலையும் கற்பிக்கப்பட்டது. அப்பெண்களிலே அடிமைகள் இருந்தனர். பின்னலிலே ஈட்டிய காசைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கியவர்களும் இருந்தனர். இந்தச் செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பிறந்த நாள் முதல் பிறர் உடைமையாய் இருந்த பெண், ஊசியைப் பிடிக்கக் கற்றாள், கணக்குப் போடக் கற்றாள், காசைச் சேர்த்தாள், "என் விலை என்ன?" என்று கேட்டு, அதைக் கொடுத்துவிட்டு நடந்தாள். அவளுடைய தலையிலே எழுதியிருந்தது அடிமை என்றல்லவா? எங்கே போயிற்று அந்த எழுத்து?

படித்த பெண் தோளை மூடினாள். ஊர் கொதித்தது. 1822இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 37 ஆண்டுகள் நீடித்தது. சந்தைகளிலே பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களிலே, மேலாடை அணியலாம், ஆனால் மேற்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற நிபந்தனையோடு அரசு இணங்கியது. துணிக்காகவா 37 ஆண்டுப் போர்? அன்று. "நான் யார்?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமைக்காக.

அதே கேள்வியை வேறொரு வழியிலே எழுப்பியவர் வைகுண்டர். 1809இல் இன்றைய சாமித்தோப்புப் பகுதியிலே பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள் என்றும், தாழ்ந்தவன் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் ஆகுமோ என்று மேலிருந்தோர் சீறியதால் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டதென்றும் கூறுவர். தொட்டிலிலேயே பெயரைப் பறிகொடுத்தவர், வளர்ந்ததும், தலைப்பாகை கட்டு என்று தம் மக்களுக்குச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீர் எடுக்கக் கிணறு வெட்டினார். அவர் வழிவந்த நிழல்தாங்கல்களிலே, கும்பிடப் போகிறவன் எதிரே இருப்பது கண்ணாடி. நாம் பகுத்தறிவாளர், கடவுட் கொள்கையிலே அவரோடு வேறுபடலாம். ஆனால், நிமிர்ந்து தன் முகத்தைத் தானே பார்க்க அஞ்சிய மக்களைக் கண்ணாடி முன் நிறுத்தியது பெரிய மனமருத்துவம் என்பதை மறுக்க முடியாது.

எரிக் எரிக்சன் என்ற மனநூல் அறிஞர், 1950ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே மனித வாழ்நாளை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு போராட்டம் உண்டென்றார். பள்ளிப் பருவத்தின் போராட்டம் எது தெரியுமா? "என்னால் முடியும்" என்ற ஊக்கத்துக்கும் "நான் மட்டம்" என்ற தாழ்வெண்ணத்துக்கும் இடையே நடப்பது. வளரிளம் பருவத்தின் போராட்டம், "நான் யார்?" என்பது. தனி மனிதனுக்குள்ளே நடக்கும் போராட்டம் என்று அவர் எழுதியது, குமரி மண்ணிலே ஒரு சமுதாயமே தெருவில் இறங்கி நடத்திய போராட்டமாக இருந்தது. தாழ்வெண்ணம் அங்கே தானாக விளைந்ததன்று. சட்டம் போட்டு விதைக்கப்பட்டது.

எல்லைக்கு மிக அருகே, நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊரூட்டம்பலத்திலே, 1910இல் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துப் பள்ளிக்குள் அழைத்துச் சென்றார். புலையர் வீட்டுப் பெண் அமர்ந்த பள்ளி என்று அந்தப் பள்ளிக்கே தீ வைத்தனர். ஒரு சிறுமி பலகையிலே உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? படித்துவிடுவாள். அவளால் படிக்க முடியாது என்று உண்மையாகவே நம்பியிருந்தால், தீ வைத்திருக்க மாட்டார்கள். முடியும் என்று தெரிந்ததாலேதான் வைத்தார்கள். தலையெழுத்துக் கொள்கையை அதன் காவலர்களே நம்பவில்லை, தோழர்களே! இன்று அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ஆய்வாளர் கண்டது

இனி, அறிவியலாளர் சொல்வதைக் கேட்போம்.

பிரான்சு நாட்டிலே ஆல்பிரட் பினே என்பவர் 1905இல் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிய வகுத்த சோதனை அது. மட்டம் தட்டவன்று, மேலே தூக்கிவிட! அறிவு மாறாத அளவுடையது என்போரை 1909இல் அவர் தம் நூலிலே கடுமையாக மறுத்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்று வாதாடினார். ஆனால், அவர் மறைந்த பின் அதே சோதனையைக் கையிலெடுத்த சிலர், இனத்துக்கு இனம் அறிவு வேறு என்று நிறுவ அதைப் பயன்படுத்தினர். மனுவுக்குப் புதிய உடை தைத்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் பியாசே, குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதன் அன்று என்று காட்டினார். குழந்தையின் சிந்தனையே வேறு வகை. ஒரே அளவுத் தண்ணீரை அகன்ற குவளையிலிருந்து ஒடுங்கிய நெடுங்குவளைக்கு ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை, "இதிலேதான் தண்ணீர் கூட" என்னும். ஏழெட்டு வயதாகும்போது, "அதே தண்ணீர்தானே" என்று சிரிக்கும். யாரும் அடித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊற்றிப் பார்த்தும் கொட்டிப் பார்த்தும் அது தானே கண்டது. பொருளைத் தொட்டுப் பார்க்க விடாமல், வாய்ப்பாட்டை மட்டும் ஒப்பிக்கச் செய்யும் வகுப்பறைக்கு இது நல்ல பாடம்.

ரசிய அறிஞர் வைகாட்ஸ்கி, 37 வயதிலேயே 1934இல் மறைந்தவர், இன்னும் ஒரு படி மேலே சென்றார். குழந்தை இன்று தனியாகச் செய்வதை மட்டும் அளக்காதே. துணையோடு எதைச் செய்கிறது என்று பார். இன்று துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும் என்றார். ஆக, அறிவு வளர இன்னொரு மனிதன் வேண்டும். 96 அடிக்கு அப்பால் நிற்க வைக்கப்பட்டவனுக்கு எந்த மனிதன் கிட்டுவான்?

அவருடைய தோழர் லூரியா, 1931, 1932ஆம் ஆண்டுகளிலே உசுபெக்கிசுதான் நாட்டுப்புறங்களுக்குச் சென்று உழவர்களோடு உரையாடினார். "பனி மூடிய வடநாட்டிலே கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் அந்த வடநாட்டிலே இருக்கிறது. அங்குள்ள கரடி என்ன நிறம்?" என்று கேட்டார். எழுத்தறியாத உழவர், "நான் அங்கே போனதில்லை, போனவரைக் கேளுங்கள்" என்னும் பொருள்பட விடை சொன்னார். குறுகிய காலமே பள்ளிக்குப் போன இளைஞர்களோ, "நீங்கள் சொன்னபடி பார்த்தால் வெள்ளை" என்றனர். ஒரே ஊர், ஒரே இனம், ஒரே இரத்தம். இடையிலே நின்றது பள்ளி ஒன்றுதான்.

எழுத்தறியாதவர் அறிவிலர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கண்ணால் காணாததைப் பற்றி உறுதி கூற மறுத்தது அந்த உழவரின் நேர்மை. குமரிக் கடற்கரையிலே பள்ளி காணாத முதியவர், கரையிலே தெரியும் மலைமுடியையும் கோபுரத்தையும் குறிவைத்து, கடலுக்கடியிலே மறைந்து கிடக்கும் பாரின் இடத்தைத் தவறாமல் கண்டறிவார். காற்றையும் நீவாட்டையும் படிப்பார். அந்த மூளை எந்தப் பேராசிரியர் மூளைக்கும் குறைந்ததன்று. அவருக்குக் கிடைக்காமற் போனது மூளையன்று, எழுத்து. எழுத்து கிடைத்தால், காணாத நாட்டையும் வாராத காலத்தையும் குறித்து எண்ணும் ஆற்றல் கூடுகிறது. "இப்படித்தான் இருக்கிறது" என்பவன், "ஏன் இப்படியே இருக்க வேண்டும்?" என்று கேட்கத் தொடங்குகிறான். எழுத்தைக் கண்டு ஆதிக்கக்காரர் அஞ்சியதன் காரணம் இதுவே.

நாஞ்சில் நாட்டின் தேரூரிலே 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராய் இருந்தவர். குழந்தையின் நாவுக்கும் நெஞ்சுக்கும் ஏற்ற எளிய சொற்களிலே பாடியவர். குழந்தைக்குத் தெய்வப் பிறப்போ மன்னர் மரபோ தேவையில்லை, குழந்தையாய் இருந்தாலே பாடலாம் என்பதை அவர் பாட்டுகள் காட்டின. பிள்ளைத்தமிழ் விட்ட குறையை நாஞ்சில் நாட்டு ஆசிரியர் ஒருவர் தீர்த்தார் எனலாம்.

நாகர்கோவில் ஒழுகினசேரியிலே 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பள்ளிப் படிப்போ தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. வறுமை அவரைப் பள்ளியிலிருந்து பிடுங்கியது. நாடக மேடை அவருக்குப் பள்ளியாயிற்று. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலே அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை மறக்க முடியுமா? ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கோயிலைத் தேடவில்லை. பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாய்த் திரும்புகிறான். சிரிக்க வைத்துக்கொண்டே தலையெழுத்தை அழித்துக் காட்டினார், தொடக்கப் பள்ளியோடு நின்ற அந்த மேதை!

முடிவில்லாத வளர்ச்சி

"ஐந்தில் வளையாதது" என்று தொடங்கும் பழமொழியைச் சொல்லிப் பெரியவர்களைப் படிப்பிலிருந்து ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். இளமையிலே கிடைக்கும் உணவும் அன்பும் பேச்சும் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதவை, ஐயமில்லை. பசித்த வயிற்றோடு பாடம் நெஞ்சிலே தங்காது என்பதை உணர்ந்தே, 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவு அளிக்கத் தொடங்கியது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆனால், இளமையிலே தவறியவனுக்கு வாயில் அடைபட்டுவிட்டது என்பது தலையெழுத்தின் தம்பி, நம்பலாகாது.

1991ஆம் ஆண்டையொட்டி, புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கும் பெண்களும் கழனிப் பெண்களும் மாலை வேளைகளிலே கையெழுத்துப் போடக் கற்றனர். கூடவே மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தாய்மாரும் பாட்டிமாரும் ஆயிரக்கணக்கிலே தெருவிலே வண்டி ஓட்டினர். பேரிளம்பெண்ணோடு கணக்கை முடித்த புலவர்கள் கண்டிருந்தால், எட்டாம் பருவம் ஒன்றை வகுத்திருப்பர்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே 1956இல் ஷாயி என்ற ஆய்வாளர் தொடங்கிய ஆய்வு, ஏழாண்டுக்கு ஒரு முறை அதே மனிதர்களை அளந்து வந்தது. விரைந்து செய்யும் வேகம் வயதோடு குறைகிறது. ஆனால், சொல்லாற்றலும் பொருளுணரும் திறனும் நடுவயதிலே ஓங்கி நிற்கின்றன. பெரும்பாலோர்க்கு அறுபது வயது வரை பெருஞ்சரிவு இல்லை. தளர்ந்த திறனையும் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம் என்று அந்த ஆய்வு கண்டது. கற்பதை நிறுத்தினவனே முதியவன் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இருக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, திருவிதாங்கூர் முழுவதிலும் எழுத்தறிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 12 பேர். பெண்களிலோ 100-க்கு 3 பேர் அளவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, குமரி மாவட்டத்திலே எழுத்தறிந்தோர் 91.75 விழுக்காடு; தமிழ்நாட்டு மாவட்டங்களிலே முதலிடம். நூற்றுப் பத்து ஆண்டுகளிலே மனித மூளையின் அமைப்பு மாறிவிடாது. இரத்தம் மாறவில்லை, நெற்றி மாறவில்லை, எழுதிய கையும் இறங்கி வந்து திருத்தவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே.

எஞ்சி நிற்கும் எழுத்து

வெற்றி முழக்கமிட்டுக் கலைந்துவிடலாமா? முடியாது. தலையெழுத்து நெற்றியை விட்டு இறங்கி இப்போது மதிப்பெண் பட்டியலிலே குடியேறியிருக்கிறது. "இவன் மூளை இவ்வளவுதான்" என்ற சொல் ஆசிரியர் அறைகளிலே இன்றும் கேட்கிறது. கேட்கும் தொலைவிலே இருக்கிறவன் நான். தமிழிலே பத்து வரி பிழையின்றி எழுதத் தடுமாறும் எட்டாம் வகுப்பு மாணவன், தந்தையின் படகு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிவிடுகிறான். அவனுடைய அறிவு எங்கே நிற்கிறது என்று கேட்பதை விட, நாம் எங்கே நின்றுவிட்டோம் என்று கேட்பதே முறை. கடைசிப் பலகை என்பது பார்த்திவபுரத்துச் சாலையிலே இல்லாத இடத்தின் புதிய பெயராகிவிடக் கூடாது.

பத்தாம் வகுப்பிலே தவறிய பெண்ணுக்கு அடுத்த ஆவணியிலே திருமணம் பேசும் வீடுகள் இருக்கின்றன. அறுபது கடந்த தாயை, "உனக்கு என்ன தெரியும்?" என்று அடக்கும் பட்டம் பெற்ற மகன்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை பிறந்த நாளிலேயே நாழிகை குறித்து, சாதகக்காரரிடம் ஓடி, "இவனுக்குப் படிப்பு வருமா?" என்று கேட்கும் படித்த தந்தைமார் இருக்கிறார்கள். படிப்பு வரும், புத்தகமும் பொறுமையும் உள்ள வீட்டுக்குக் கட்டாயம் வரும். அதைச் சொல்லக் கட்டங்கள் தேவையில்லை.

இளைஞர்களே, உங்கள் ஊர் மன்றத்திலே மாலைதோறும் ஒரு விளக்கு எரியட்டும். அங்கே சிறுவர்க்குக் கதை சொல்லுங்கள். தொட்டும் பிரித்தும் பார்க்கப் பொருள்களைக் கொடுங்கள். படிப்பை விட்ட பெண்ணை மீண்டும் தேர்வு எழுத வையுங்கள். முதியவரை அழைத்து அவர் அறிந்ததைக் கேட்டு எழுதுங்கள். அவர் அறியாததை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நூற்பின்னல் ஊசியால் தன் விலையைத் தானே கொடுத்து வெளியே வந்த அந்தப் பெண்ணின் பெயரை நாம் அறியோம். அவள் செய்தது போதும், மனித மனத்துக்கு எல்லைக்கல் இல்லை என்பதை நாம் நம்புவதற்கு. நம்பியதைச் செய்து காட்டுவதே இனி நம் வேலை.